ஏலம் எடுத்தவர் எல்லைக்கு வெளியே இருந்தால்: ஈபே விற்பனையாளருக்கான அடிப்படைகள்

கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் போகும்போது, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லி முடித்ததும் எடுத்தவர் கையில் பழத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆள் எதிரிலேயே நிற்கிறார், விவகாரம் அங்கேயே முடிந்தது. ஆன்லைன் ஏலத்தில் மூணாவது தரத்துக்குப் பிறகுதான் வேலையே ஆரம்பம். எடுத்தவர் பக்கத்துத் தெருவிலும் இருக்கலாம், ஜெர்மனியில் ஒரு கிராமத்திலும் இருக்கலாம்.

ஈபேயில் பொருளைப் போடுகிற ஒவ்வொருவரும் 'இன்ன இடங்களுக்குத்தான் அனுப்புவேன்' என்று ஓர் எல்லை சொல்கிறார். அந்த எல்லைக்கு வெளியே இருப்பவர் ஏலத்தில் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது? ஏலம் நடக்கும்போதே 'எனக்கும் அனுப்புவீர்களா' என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? அமெரிக்காவில் இருந்து விற்பவரை மையமாக வைத்து இதை விளக்குகிறோம், ஏனென்றால் 'அமெரிக்காவுக்குள் மட்டும்' என்று போட்டுவிட்டு மாட்டிக்கொள்வது அங்கேதான் அதிகம். இந்தியாவில் இருந்து விற்பவர்கள் கவனிக்க வேண்டியது கடைசியில் இருக்கிறது.

எல்லை என்பது ஒரே பூட்டு அல்ல

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, விளக்கப் பகுதியில் 'அமெரிக்காவுக்குள் மட்டும் அனுப்பப்படும்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது. அந்த வரியை ஈபேயின் கணினி படிப்பதில்லை. ஏலம் கேட்பவர்களிலும் பாதிப் பேர் படிப்பதில்லை. கணினிக்குப் புரியும் எல்லை மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, எந்தப் பகுதிக்கு எந்தத் தபால் சேவை, என்ன கட்டணம் என்று பொருளோடு சேர்த்து நிரப்புவது. வெளிநாட்டுச் சேவை எதையும் சேர்க்காவிட்டால் வெளிநாட்டுக்காரருக்குத் தபால் கட்டணம் தெரியாது, அவ்வளவுதான். அதனாலேயே அவரால் ஏலம் கேட்க முடியாது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது, விலக்குப் பட்டியல். நாடு நாடாக, கண்டம் கண்டமாக 'இங்கே அனுப்ப மாட்டேன்' என்று குறிக்கலாம். மூன்றாவதுதான் உண்மையான கதவு. வாங்குபவர் நிபந்தனைகள் என்ற பக்கத்தில், 'நான் அனுப்பாத இடத்தில் முதன்மை முகவரி வைத்திருப்பவர்களைத் தடு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால்தான் அவர்களால் ஏலம் கேட்கவே முடியாது. முதல் இரண்டையும் ஒழுங்காக நிரப்பிவிட்டு இந்தக் கட்டத்தை மறந்தவர்களுக்குத்தான் ஞாயிறு இரவு ஏலம் முடிந்ததும் பிரேசிலில் இருந்து வாழ்த்துச் செய்தி வரும்.

விலக்குப் பட்டியலை மாற்றும்போது இன்னொன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பொருள்களுக்கும் மாற்றம் பொருந்த வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். அதைக் கவனிக்காமல் சேமித்தால் புதிய பட்டியல் இனிப் போடும் பொருள்களுக்கு மட்டும்தான்.

இந்தத் தடைக்கும் ஓர் ஓட்டை உண்டு. அது பார்ப்பது வாங்குபவரின் முதன்மை முகவரியை மட்டும். சென்னையில் இருக்கும் ஒருவர் அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் உள்ள சித்தி வீட்டு முகவரியை முதன்மையாக வைத்திருந்தால் தடையைத் தாண்டி வந்துவிடுவார். அதில் தப்பில்லை, சித்தி வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் வேலை முடிந்தது. ஜெயித்த பிறகு 'சித்தி ஊரில் இல்லை, நேராக அடையாருக்கே அனுப்பிவிடுங்கள்' என்று செய்தி வரும்போதுதான் தலைவலி. அதைக் கீழே பார்ப்போம்.

உள்நாட்டிலேயே இருக்கும் வெளியூர்கள்

எல்லை என்றதும் எல்லோரும் வெளிநாட்டைத்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம், ராணுவத் தபால் முகவரிகள் எல்லாமே 'உள்நாடு'தான். ஆனால் ஓஹியோவுக்குப் போட்ட கட்டணம் அங்கே செல்லாது. தூர மண்டலத்தைப் பொறுத்து அமெரிக்க அரசுத் தபால் துறையான யு.எஸ்.பி.எஸ்ஸின் கட்டணம் ஏறும், தனியார் கூரியர் அதைவிட அதிகம் கேட்கும். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று போட்டிருந்தால், ஆறு கிலோ பார்சல் ஹவாய்க்குப் போகும்போது லாபம் மொத்தமும் தபாலுக்கே போய்விடும். எடையையும் அளவையும் கொடுத்து, வாங்குபவரின் இடத்துக்கு ஏற்ப ஈபேயே கணக்கிடும்படி வைப்பதுதான் இதற்கு மருந்து.

ராணுவ முகவரியில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏ.பி.ஓ அல்லது எஃப்.பி.ஓ என்றும், மாநிலத்தின் இடத்தில் ஏ.ஈ, ஏ.பி, ஏ.ஏ என்றும் இருக்கும். ஏ.ஈ பெரும்பாலும் ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஏ.பி பசிபிக்; ஏ.ஏ அமெரிக்கக் கண்டங்கள். கட்டணம் உள்நாட்டுக் கட்டணமே, ஆனால் சுங்கப் படிவம் வேண்டும். யு.எஸ்.பி.எஸ் மூலம் அனுப்புங்கள். புத்தகம், இசைத்தட்டு விற்பவர்கள் மலிவான மீடியா மெயிலைப் போட்டிருப்பார்கள். அது ஹவாய்க்குப் போகும், ஆடி அசைந்து போகும். வெளிநாட்டுக்கு அந்தச் சேவையே கிடையாது. உள்நாட்டு மீடியா மெயில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு 'கனடாவுக்கு இன்னும் மூணு டாலர் சேர்த்தால் போதாதா' என்று ஒப்புக்கொள்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இதனால்தான்.

ஏலம் ஓடும்போது கேள்வி வந்தால்

பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ் ஒன்று ஏலத்தில் இருக்கிறது, ஏழு நாள் ஏலம், மூன்றாம் நாள். ஜெர்மனியில் இருந்து ஒருவர் கேட்கிறார்: 'எனக்கு அனுப்ப முடியுமா, எவ்வளவு ஆகும்?' இந்தக் கேள்வி ஒரு நல்ல சகுனம். கேட்காமல் ஜெயிப்பவரைவிடக் கேட்டுவிட்டு வருபவர் எவ்வளவோ மேல். பதில் சொல்லும் முன் பொருளைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிடுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை எப்போதும் குறைவாகவே இருக்கும். லென்ஸ் 350 கிராம்தான், ஆனால் குமிழ் உறை, உள்பெட்டி, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பல், வெளிப்பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்தால் 800 கிராமைத் தொடும்.

அடுத்தது அளவு. கூரியர் நிறுவனங்கள் எடையையும் பார்க்கும், பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கும், எது அதிகமோ அதற்குத்தான் பில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ வரும். அங்குலத்தில் அளந்தால் 139-ஆல் வகுத்தால் பவுண்டு வரும். லென்ஸ் பெட்டி 25×20×15 என்றால் 7500, வகுத்தால் ஒன்றரைக் கிலோ. 800 கிராம் பார்சலுக்கு ஒன்றரைக் கிலோ காசு. இதுவே ஒரு விளக்கின் கூண்டு என்று வையுங்கள்: எடை இரண்டரைக் கிலோ, பெட்டி 50×40×30. அறுபதாயிரத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் 12 கிலோ! காற்றை அனுப்பவே காசு. லென்ஸுக்கு எல்லையைத் திறப்பது புத்திசாலித்தனம், விளக்குக் கூண்டுக்குத் திறப்பது வீண்வேலை. நாணயம், தபால்தலை, கைக்கடிகாரம், லென்ஸ், பழைய இயந்திரங்களின் சின்ன உதிரிபாகம் இவையெல்லாம் உலகம் முழுக்கத் தேடுவோர் உள்ளவை, உள்ளங்கையில் அடங்குபவை. இப்படிப்பட்டவற்றை உள்ளூரோடு நிறுத்திக்கொள்வது நல்ல விலையை நீங்களே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம் என்பது எங்கள் கருத்து.

தபால் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். யு.எஸ்.பி.எஸ்ஸின் மலிவான வெளிநாட்டுச் சேவையான ஃபர்ஸ்ட் கிளாஸ் பேக்கேஜ் இன்டர்நேஷனல் நான்கு பவுண்டு வரை, 400 டாலர் மதிப்பு வரைதான் எடுக்கும். டிராக்கிங் எல்லா நாட்டிலும் கடைசிவரை வராது. சில நாடுகளுக்கு அமெரிக்காவை விட்டுக் கிளம்பியதோடு தடம் நின்றுவிடும். வாங்கியவர் 'வரவில்லை' என்று புகார் போட்டால், 'சேர்ந்தது' என்ற வரி டிராக்கிங்கில் இல்லாத விற்பனையாளர் தோற்பார். பத்து டாலர் பொருளுக்கு அந்த ஆபத்தை எடுக்கலாம், நூறு டாலர் லென்ஸுக்கு வேண்டாம்.

அனுப்பலாம் என்று முடிவு செய்தால், ஜெர்மனிக்காரருக்குச் செய்தியில் மட்டும் விலையைச் சொல்லி விட்டுவிடாமல் பொருளின் பக்கத்திலேயே அந்தச் சேவையைச் சேர்த்துவிடுங்கள். செய்தியில் சொன்னது வாய்வார்த்தை, பக்கத்தில் இருப்பதுதான் ஒப்பந்தம். இன்னும் நான்கு நாள் இருக்கிறது, வேறு இரண்டு ஐரோப்பியர்களும் உள்ளே வரலாம்.

ஏலக் கேட்பை நீக்குவது

அனுப்ப முடியாத இடத்துக்காரர் ஏற்கெனவே ஏலம் கேட்டுவிட்டார், ஏலம் இன்னும் முடியவில்லை. இப்போது அவருடைய கேட்பை விற்பனையாளர் ரத்து செய்யலாம். முதலில் அவரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் பிறகு ரத்து செய்ய வேண்டும். வரிசை மாறினால் அவர் உடனே மறுபடி கேட்டுவிடுவார்.

ரத்து செய்தால் விலைக்கு என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள ஈபே ஏலம் எப்படி ஏறுகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவரும் தன் உச்ச விலையைச் சொல்கிறார், அதை ஈபே மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்தவரை வெல்லத் தேவையான அளவு மட்டுமே விலையை ஏற்றும். 25 டாலரில் இருந்து 100 டாலருக்குள் ஒவ்வொரு படியும் ஒரு டாலர். மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வைப்போம். ஒருவரின் உச்சம் 42, அடுத்தவருடையது 60, வெளிநாட்டுக்காரருடையது 85. பக்கத்தில் தெரியும் விலை 61. வெளிநாட்டுக்காரரை நீக்கியதும் விலை 60-க்கு வராது. 60 காரர் இப்போது 42 காரரை வென்றால் போதும், ஆகவே விலை 43. ஒரே கிளிக்கில் 18 டாலர் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப வேறு ஆள் வர நேரம் வேண்டும். அதனால் நீக்குவதாக இருந்தால் பார்த்த அன்றே நீக்குங்கள், கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். 85 வரை போகத் தயாராக இருப்பவரை நீக்கும் முன், அவருக்கு அனுப்புவது உண்மையிலேயே முடியாத காரியமா என்றும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முடிந்த பிறகு

ஏலம் முடிந்துவிட்டது, ஜெயித்தவர் எல்லைக்கு வெளியே. பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கைவசம் வழி இருக்கிறது. தபால் கட்டணத்தைச் சரியாகக் கணக்கிட்டுத் திருத்திய இன்வாய்ஸ் அனுப்பலாம். அவர் ஒப்புக்கொண்டு கட்டினால் விற்பனை நடக்கும், இல்லையென்றால் ரத்து. பணம் கட்டிய பிறகு 'இன்னும் இருபது டாலர் அனுப்புங்கள்' என்று கேட்பது, அதுவும் ஈபேக்கு வெளியே வேறு வழியில் அனுப்பச் சொல்வது, கூடவே கூடாது. விதிப்படியும் தவறு, பின்னால் தகராறு வந்தால் உங்களுக்கு எதிரான சாட்சியும் அதுதான்.

ரத்து செய்யும்போது காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 'வாங்குபவரின் முகவரியில் சிக்கல்' என்ற காரணம் இதற்கென்றே இருக்கிறது. அவசரத்தில் 'பொருள் இருப்பில் இல்லை' என்பதைத் தொட்டுவிட்டால் அது உங்கள் கணக்கில் குறையாகப் பதிவாகும். அவர் கேட்காமல் 'வாங்குபவர் கேட்டுக்கொண்டார்' என்று போடுவதும் பொய், அவர் மறுத்தால் வம்பு.

அடுத்து அந்த அடையாறு விவகாரம். ஆர்டரில் எடிசன் முகவரி, செய்தியில் சென்னை முகவரி. ஒரே விதி: ஆர்டரில் உள்ள முகவரியைத் தவிர வேறெங்கும் அனுப்பாதீர்கள். ஆர்டரில் இருந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததாக டிராக்கிங் காட்டினால்தான் ஈபே விற்பனையாளர் பக்கம் நிற்கும். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்தும் வாங்கியிருக்க வேண்டும். நீங்களாக முகவரியை மாற்றி அனுப்பிவிட்டு, அவர் 'வரவில்லை' என்றால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மோசடிக்காரர்களின் பழைய வித்தையும் அச்சாக இதே போலத்தான் இருக்கும்: உள்நாட்டு முகவரியில் ஜெயிப்பார், 'வெளிநாட்டில் படிக்கும் மருமகனுக்குப் பிறந்தநாள், அங்கே அனுப்புங்கள், கூட நூறு டாலர் தருகிறேன்' என்பார். நூறு டாலர் கூடத் தருபவரைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள். இருவருக்கும் ஒரே பதில்தான்: ஆர்டரை ரத்து செய்வோம், முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி வாங்குங்கள், சரியான கட்டணத்தில் மறுபடி போடுகிறேன்.

ஃபார்வர்டர் முகவரி

சித்தி இல்லாதவர்களுக்குச் சித்தி வீடு மாதிரி வேலை செய்பவைதான் ஃபார்வர்டிங் நிறுவனங்கள். வெளிநாட்டுக்காரருக்கு அமெரிக்காவில் ஒரு முகவரி கொடுத்து, அங்கே வரும் பார்சலை மறுபடி கட்டி அனுப்புவார்கள். கதவு எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சூட் எண் (வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும் அறை எண் போன்றது) இருந்தால் பெரும்பாலும் இதுதான். விற்பனை வரி இல்லாத டெலவேர், ஓரிகன் மாநிலங்களில் இவை அதிகம். லத்தீன் அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு மயாமி வழியாகப் போகும்.

விற்பவருக்கு இது உள்நாட்டு விற்பனைதான். அந்தக் கிடங்கில் சேர்ந்ததும் டிராக்கிங் முடிகிறது. அங்கிருந்து மறுபடி அனுப்பப்பட்ட பொருளுக்கு ஈபேயின் வாங்குபவர் பாதுகாப்பு செல்லாது. ஆனால் கிரெடிட் கார்டு வழியாக வரும் தகராறு வேறு கதை, அதை ஈபே விதி மட்டும் வைத்துத் தடுத்துவிட முடியாது. விலை உயர்ந்த பொருள் என்றால் வரிசை எண் தெரியும்படி ஒரு படம், பெட்டிக்குள் வைத்தபின் ஒரு படம், தராசில் எடை தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். சூட் எண்ணை விடாமல் முழுதாக எழுதுங்கள். அது இல்லாத பார்சல் கிடங்கில் ஆளில்லாமல் கிடக்கும்.

'நான் வெளிநாட்டுக்குத் திறக்கவே இல்லையே?'

அமெரிக்க விற்பனையாளர்கள் அடிக்கடி திகைப்பது இங்கேதான். உள்நாட்டுச் சேவை மட்டும் போட்டிருப்பார், ஆனால் வாங்கியவர் ஆஸ்திரேலியாவில் இருப்பார். காரணம், 2022-இல் தொடங்கிய ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங் திட்டம். தகுதியுள்ள கணக்குகளை ஈபே தானாகவே இதில் சேர்த்துவிடுகிறது. வேண்டாம் என்றால் கணக்கின் ஷிப்பிங் அமைப்பில் போய் நிறுத்த வேண்டும்.

புதியவர்களுக்கு இதை நிறுத்தாமல் விடுவதே நல்லது என்போம். பொருளைச் சிகாகோ அருகே கிளெண்டேல் ஹைட்ஸில் உள்ள ஈபே கிடங்குக்கு உள்நாட்டுப் பார்சலாக அனுப்பினால் போதும். அங்கிருந்து சுங்கப் படிவம், வெளிநாட்டுத் தபால், வாங்குபவரிடம் வரி வசூல் எல்லாம் ஈபே பொறுப்பு. திருப்பி அனுப்பும் விவகாரமும் உங்கள் வீட்டுக்கு வராது. செய்யக் கூடாதது ஒன்று: வாங்கியவரின் ஆஸ்திரேலிய முகவரியைக் கண்டுபிடித்து நீங்களே நேராக அனுப்புவது. செய்ய வேண்டியது ஒன்று: கிடங்கு முகவரியோடு வரும் குறிப்பு எண்ணை லேபிளில் முழுதாக வைப்பது. பார்சல் யாருடையது என்று அங்கே சொல்வது அந்த எண்தான்.

நீங்களே அனுப்பினால்: சுங்கம்

திட்டத்துக்கு வெளியே நேராக அனுப்புபவர்களுக்குப் படிவம் உண்டு. தபால் வழியில் சின்ன மதிப்புக்கு சி.என் 22, பெரியதற்கு சி.என் 23 என்பது உலக வழக்கம். இப்போது விவரங்கள் மின்தரவாக பார்சலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், லேபிளை ஆன்லைனில் எடுத்தால் அது தானாக நடக்கும். படிவத்தில் மாட்டுவது பெரும்பாலும் பொருள் விவரம். 'பாகங்கள்', 'துணி', 'பழைய சாமான்' என்று எழுதினால் ஐரோப்பாவில் நிறுத்திவிடுவார்கள். 'பழைய கேமரா லென்ஸ், கண்ணாடியும் அலுமினியமும், 1 எண்ணிக்கை' என்று எழுதுங்கள். கூடவே பொருளின் வகையைச் சுங்கத்துக்குச் சொல்லும் ஆறு இலக்க ஹெச்.எஸ் எண்ணும் வேண்டும்; அதன் முதல் நான்கு இலக்கம் தபால்தலைக்கு 9704, சேகரிப்பு நாணயத்துக்கு 9705, பொம்மைக்கு 9503, ஃபிலிம் கேமராவுக்கு 9006. கூரியரில் அனுப்பினால் வாங்குபவரின் தொலைபேசி எண்ணும் வேண்டும். சுங்கத்தில் நிற்கும்போது அவர்கள் கூப்பிடுவது அவரைத்தான்.

'மதிப்பைப் பத்து டாலர் என்று போடுங்கள்', 'பரிசு என்று குறியுங்கள்' என்ற வேண்டுகோள் கட்டாயம் வரும். விற்ற பொருளைப் பரிசு என்று எழுதுவது பொய்யான சுங்க அறிவிப்பு, கையெழுத்து உங்களுடையது. இன்னொரு நஷ்டமும் உண்டு: பார்சல் தொலைந்தால் அறிவித்த மதிப்புக்குத்தான் இழப்பீடு. இந்தியாவுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் பரிசு என்ற பெயரில் வரியில்லாமல் இறக்கும் வழியை அரசு 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டது, உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு.

வரியை யார் வாங்குவது என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் இருந்து 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருளுக்கு 10 சதவீத ஜி.எஸ்.டியை ஈபே போன்ற தளங்களே வசூலிக்க வைத்தது. பிரிட்டன் 2021 ஜனவரியில் 135 பவுண்டு வரை, ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 150 யூரோ வரை இதே முறைக்கு வந்தன. ஜெர்மனிக்கு 90 யூரோவுக்கு லென்ஸ் விற்றால் வாட் வரியை ஈபே முன்பே வாங்கிவிடும். அதற்கு அடையாளமாக ஐ.ஓ.எஸ்.எஸ் எண் ஒன்று ஆர்டரில் வரும். அந்த எண் மின்தரவில் போகாவிட்டால் ஜெர்மன் சுங்கத்துக்கு வரி கட்டியது தெரியாது, வாங்குபவரிடம் மறுபடி கேட்பார்கள். ஈபே வழியாக லேபிள் எடுத்தால் பெரும்பாலும் எண் தானாகப் போகும், வெளியே எடுத்தால் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். இந்த வரம்புக்கு மேல் மதிப்பு போனால் வரி வாங்குபவர் தலையில். அவர் கட்ட மறுத்துவிட்டால் பார்சல் திரும்பும். சி.என் 23 படிவத்தில் 'திருப்பி அனுப்பு', 'கைவிட்டதாகக் கொள்' என்று இரண்டு கட்டம் இருப்பதை யாரும் படிப்பதில்லை. மலிவான பொருளுக்குத் திரும்பும் செலவு பொருளைவிட அதிகம், யோசித்துக் குறியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வட அயர்லாந்துக்கும் 2024 டிசம்பர் 13 முதல் ஒரு புதிய விதி: பொதுப் பொருள் பாதுகாப்பு விதிமுறைப்படி, அங்கே விற்கும் பொருளுக்கு அந்த வட்டாரத்துக்குள்ளேயே ஒரு பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். பழம்பொருள்களுக்கு விலக்கு உண்டு. சாதாரணப் பயன்படுத்திய பொருள்களுக்குக் கிடையாது. சின்ன விற்பனையாளர்கள் பலர் ஐரோப்பாவை விலக்குப் பட்டியலில் போட்டது இதனால்தான், சோம்பலால் அல்ல.

அனுப்பவே கூடாதவை

தனி லித்தியம் பேட்டரியை யு.எஸ்.பி.எஸ் வெளிநாட்டுக்கு எடுக்காது. கருவிக்குள் பொருத்தியிருந்தால் மட்டும், அதுவும் வரம்புக்குள். கேமராவோடு 'கூடுதல் பேட்டரி இலவசம்' என்று விளம்பரப்படுத்திவிட்டு வெளிநாட்டுக்குத் திறப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். தந்தத்தை ஈபே 2009 ஜனவரியில் இருந்தே தடை செய்திருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் மரத்தில் செய்த பழைய கிட்டார், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வருவதால், அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. தடையே இல்லாத பொருளும் அங்கே வேலை செய்யாமல் போகலாம்: அமெரிக்க டி.வி.டி முதல் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம், 110 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். இதை விளக்கத்தில் எழுதாவிட்டால் 'சொன்னபடி இல்லை' என்று திருப்புவார்கள், திரும்பும் தபால் செலவு உங்களுடையது. அந்த நிலை வந்தால் பொருளைத் திருப்பி வாங்காமல் பணத்தை மட்டும் கொடுப்பது பல நேரம் மலிவு.

இந்தியாவில் இருந்து விற்பவர்களுக்கு

ஈபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது, ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்பது தொடர்கிறது. வணிக ஏற்றுமதிக்கு ஐ.இ.சி எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதியாளர் எண் வேண்டும். தபால் வழியாக அனுப்புபவர்களுக்கு அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையங்களான டாக் கர் நிர்யாத் கேந்திராக்களில் தபால் ஏற்றுமதிப் பில்லை ஆன்லைனில் நிரப்ப உதவுகிறார்கள்.

நாணயக்காரர்கள் கவனிக்க வேண்டியது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டைத் தாண்டிய பொருள் தொல்பொருள், கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டே போதும். சட்டத்தின் விளக்கத்திலேயே நாணயம் என்ற சொல் இருக்கிறது. தொல்பொருளைத் தனியாள் ஏற்றுமதி செய்ய முடியாது. பாட்டி பெட்டியில் கிடந்த 1918-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைப் பாரிமுனையில் தாராளமாக விற்கலாம். அதையே ஏலத்தில் போட்டுப் பாரிஸுக்கு அனுப்பினால் குற்றம். இந்தப் பொருளுக்கு எல்லை இந்தியாதான், வாங்குபவர் எவ்வளவு கெஞ்சினாலும். நூறு ஆண்டு ஆகாத, ஆனால் பார்க்கப் பழையதாகத் தெரியும் பித்தளைச் சாமானுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிவிட்டு அனுப்புங்கள், சுங்கத்தில் நிறுத்தினால் காட்ட அதுதான் உதவும்.

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்களுக்கு 2025 ஒரு பாடம். 800 டாலர் வரை வரியில்லை என்று இருந்த சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுக்கும் நிறுத்தியது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்று தெளிவாகாததால், இந்தியா போஸ்ட் ஆகஸ்ட் 25-லேயே அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தி, அக்டோபரில்தான் மறுபடி எடுத்தது. அந்த வாரத்தில் முடியும்படி பத்து நாள் ஏலம் போட்டிருந்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள்: ஏலம் தொடங்கியபோது எல்லைக்குள் இருந்த வாங்குபவர், முடிந்தபோது வெளியே. விதிகள் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளிநாட்டுக்குப் போடும் ஏலத்தை மூன்று நாளோ ஐந்து நாளோ வைத்துக்கொள்ளுங்கள், போடும் அன்றே தபால் அலுவலகத்தில் அந்த நாட்டுக்குப் பார்சல் எடுக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.